அலவாங்கு வந்த பாதை

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கிழமைக்கு இரண்டு நாள் நாம் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே வரும் ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் தன் பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து எம்மிடம் நீட்டினாள். "எனது தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டுரை. ஒரு பக்கந்தான். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. "அப்பா வெள்ளனவே எழும்பி மம்மட்டியும் அலவாங்கும் தூக்கிக்கிட்டு மலைக்குப் போவார்" என்ற வரியில்தான் கோடு அதிகம். மம்மட்டியை வெட்டி 'மண்வெட்டி' என்றும், அலவாங்கை வெட்டி 'கடப்பாரை' என்றும் எழுதியிருந்தது. ஓரத்தில், 'கொச்சைச் சொற்களைத் தவிர்க்கவும்.'

பிள்ளைக்கு அதில் பெரிய கவலை இல்லை. அவளுக்கு வேறு சந்தேகம். "அலவாங்குல வாங்கு இருக்கே சார், அதுல உக்கார முடியாதே, அப்புறம் ஏன் அந்தப் பேரு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பின்னால் கதவோரம் நின்ற தாய் மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்தவர் அவர். "நாங்க பேசுறது அம்புட்டும் தப்புன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அப்ப புள்ளைகிட்ட என்னா பாஷையில பேசுறதுங்க?" என்றார்.

இரண்டு கேள்விக்கும் அன்று எமக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பிறகு புத்தகங்களைப் புரட்டினோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். தேடத் தேட, அலவாங்கு எம்மை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறோம்.

முதலில் பிள்ளையின் கேள்வி. பாடசாலையில் நாம் உட்காரும் வாங்கும், மலையில் கல் புரட்டும் அலவாங்கும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவைதான். போர்த்துக்கேயர் நீண்ட ஆசனத்தை 'பாங்கு' என்ற மாதிரி சொல்வார்கள். அது நம்மிடம் வாங்கு ஆயிற்று. கடப்பாரைக்கு அவர்கள் வைத்த பெயர் 'அலவாங்கா'. ஆனால் குடும்பம் வேறு. வாங்கு வடக்கே இருந்த ஜெர்மானிய மக்களின் மொழிகளிலிருந்து போர்த்துக்கேயத்துக்கு வந்தது. அலவாங்கு இலத்தீன் வழி வந்தது. ஒலியை மட்டும் பார்த்துச் சொல்லுக்குச் சொந்தம் பிடிக்கப்போனால் இப்படித்தான் ஏமாந்துபோவோம். அலவாங்கா என்னும்போது போர்த்துக்கேயர் 'வாங்' என்ற இடத்தில்தான் அழுத்துவார்கள். அந்த அழுத்தம் நம் வாயில் நெடிலாக இன்னும் நிற்கிறது.

ஆக, அலவாங்கு தமிழ்ச் சொல் சிதைந்து வந்த கொச்சை அல்ல. வேறு ஊரில் பிறந்து, கடல் கடந்து வந்து, நம்மோடு வேலைக்குச் சேர்ந்துகொண்ட சொல்.

அதற்கும் முன்னே எங்கே இருந்தது? போர்த்துக்கேயர், ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் இவர்கள் பேசும் பாஷைகளுக்கெல்லாம் தாய் இலத்தீன், பழைய ரோமாபுரியின் மொழி. அதில் 'ஃபலங்கா' என்று ஒரு சொல் உண்டு. சாதாரண சனங்கள் அதைப் 'பலங்கா' என்றார்கள். உருண்டையான கனத்த மரத்தடி என்று பொருள். அலவாங்கா அந்தச் சொல்லின் வழியில் வந்தது என்பதே அகராதிக்காரர்கள் சொல்வது. முன்னால் இருந்த 'ப' எப்படிக் கழன்று விழுந்தது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒரு மனதாகவில்லை. ஸ்பானிய மொழியில் அந்தப் 'ப' விழவில்லை. அங்கே நெம்புகோலுக்கு இன்றும் 'பலாங்கா' என்றுதான் பெயர்.

அந்தத் தடியை ரோமர் இரண்டு வேலைக்குப் பாவித்தார்கள். ஒன்று, பாரமான சாமான்களுக்கு அடியில் உருளையாகப் போட்டு நகர்த்துவது. கி.மு. 49-ல் யூலியஸ் சீசரின் படை இன்றைய மார்செய் நகரை முற்றுகையிட்டபோது, மதில் ஓரம் வேலை செய்யும் ஆட்களை மூடிக் காக்கும் பெரிய மரக்கூடு ஒன்றைக் கட்டினார்கள். அதன் அடியில் ஃபலங்காக்களைப் போட்டு உருட்டித்தான் எதிரியின் கோபுரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். சீசரே இதை எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டாவது வேலை, தோளில் சுமப்பது. நடுவில் பாரத்தைக் கட்டி, தடியின் இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். அப்படிச் சுமப்பவனுக்கு 'ஃபலங்காரி' என்று பெயர். நான்கு பேர் சுமக்கும் கூட்டமும் உண்டு, ஆறு பேர் சுமக்கும் கூட்டமும் உண்டு. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் தன் புத்தகத்தின் பத்தாம் பாகத்தில் இந்தச் சுமைகாரரைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். வார் தடியின் நட்ட நடுவில் இருக்க வேண்டும், நகராதபடி தடுப்பும் வைக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் பாரம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஆளை அமுக்கிவிடும் என்கிறார்.

இதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. பாதை இல்லாத டிவிசனில், ராத்திரி வலி கண்ட பொம்பளையைக் கம்பளியில் கட்டித் தடியில் தொங்கவிட்டு, நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்த கதை எத்தனை லயத்தில் இருக்கிறது! "முடிச்சை நடுவுல போடுடா, எறக்கத்துல முன்னால நிக்கிறவனுக்கு அத்தனை பாரமும் வந்துரும்" என்று அந்த இருட்டில் கத்திய பெரியவர் விட்ருவியஸைப் படித்தவர் அல்ல.

சரி, இலத்தீனுக்கு அது எங்கிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்து. அங்கே 'ஃபாலங்ஸ்' என்றால் முதலில் மரத்தடி, உத்தரம். பிறகு போர்க்களத்தில் ஈட்டியும் கேடயமுமாகத் தோளோடு தோள் இடித்து நிற்கும் படைவரிசைக்கும் அந்தப் பெயர் வந்தது. பிறகு, அந்தப் படைவீரர் மாதிரி வரிசையாக அடுக்கி நிற்கும் விரல் எலும்புகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் வைத்தியர்கள் விரல் எலும்புகளை 'ஃபாலஞ்சஸ்' என்கிறார்கள். விரல் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரே துண்டில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். கட்டைவிரலில் இரண்டு, மற்ற நாலு விரலிலும் மும்மூன்று. ஒரு கைக்கு 14, இரண்டு கைக்கு 28.

கொஞ்சம் நிறுத்தி இதை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு முடிந்து அப்பா தோளில் வைத்துக்கொண்டு போகும் இரும்புக் கம்பிக்கும், ரெண்டு எலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிக் கூடையில் போடும் அம்மாவின் விரல் எலும்புக்கும் பெயர் தந்தது ஒரே சொல். அந்தப் பிள்ளையின் கட்டுரையில் இதைச் சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எமக்கு இன்னமும் ஆதங்கம்.

இந்தச் சொல்லுக்கு உலகமெங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் பாரம் தூக்கும் கப்பிச் சங்கிலியைப் 'பலாங்' என்பார்கள். தோட்டத்து ஸ்டோரில் மெஷின் இறக்கும்போது மேலே கட்டித் தொங்கவிடும் செயின் புளொக் இருக்கிறதே, அதுதான். இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் தண்ணி சுமக்கும் தடிக்குப் பிரெஞ்சில் 'பலாங்ஷ்'. போர்த்துக்கலில் வாகனத்தின் கியர் கம்பியும் அலவாங்காதான். தென் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இதற்கு ஒரு வேடிக்கையான பொருளும் உண்டு. பெரிய இடத்தில் தெரிந்த ஆள் இருந்து, அவர் தயவில் வேலை எடுத்தவனைப் பார்த்து "அவனுக்குப் பலாங்கா இருக்கு" என்பார்களாம். சின்னக் கம்பி பெரிய கல்லைப் புரட்டுகிற மாதிரி! நம் ஊரில் அதற்குச் சொல் வேறு, விஷயம் ஒன்றுதான்.

போர்த்துக்கேயர் இலங்கையில் முதலில் கால்வைத்தது 1505-ல். கொழும்பை 1656-லும் யாழ்ப்பாணத்தை 1658-லும் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கண்டியில் அவர்கள் நிலைத்ததே இல்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து தூரமில்லாத கன்னொறுவையில் 1638-ல் இரண்டாம் இராஜசிங்கனின் படை அவர்களை அடியோடு முறியடித்தது. அப்படியானால் அவர்களுடைய சொல் மட்டும் எப்படி மலை ஏறியது? கரையோரத்தில் அவர்கள் கோட்டையும் கோவிலும் கட்டியபோது, கல் புரட்டியவர்களும் சுவர் எழுப்பியவர்களும் நம் நாட்டுச் சனங்கள். ஆயுதம் கைக்கு வரும்போது பெயரும் சேர்ந்தே வரும். எசமான் போனபிறகும் ஆயுதம் மூலையில் கிடந்தது, பெயர் வாயில் கிடந்தது. அது மட்டுமல்ல, ஒல்லாந்தர் காலத்திலும் வெள்ளைக்காரர் காலத்திலுங்கூட இலங்கைக் கரையோரத்தில் ஒருவகைப் போர்த்துக்கேயப் பேச்சு வழங்கிவந்தது. மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பங்கள் சிலவற்றில் அதன் மிச்சத்தை இன்றும் கேட்கலாம்.

பிறகு 1815-ல் கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. 1820-களில் கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து ரோட்டுப் போட்டார்கள். காடழித்துக் கோப்பித் தோட்டம் வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து நம்முடைய முன்னோர்கள் மன்னார் வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867-ல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே வருடத்தில்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1880-ல் கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்து ரயில் மாத்தளைக்குப் போயிற்று. இதில் எந்த வேலைதான் அலவாங்கு இல்லாமல் நடந்திருக்கும்? கல் கிளப்ப, மரவேர் நெம்ப, தண்டவாளத்தைத் தள்ளி நிறுத்த, கன்று நடக் குழி குத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரில் கடப்பாரை என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே வந்து அலவாங்கையும் கற்றுக்கொண்டார்கள். கடப்பாரையை மறந்துவிடவும் இல்லை. இன்றும் சில தோட்டத்தில் அது, சில தோட்டத்தில் இது. ஒரே லயத்தில் இரண்டும் பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். கட்டுகஸ்தோட்டை பஜாரில் இரும்புக்கடைக்குப் போய், சிங்களம் ஒரு வார்த்தை தெரியாத ஆளும் "அலவாங்கு" என்று கேட்கட்டும். முதலாளி சட்டென்று எடுத்துத் தருவார். சிங்களத்திலும் அது 'அலவங்குவ'தான். கடப்பாரை என்று கேட்டால் கையைக் காட்டி விளக்க வேண்டி வரும். பானும் அப்படித்தான். இலத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. அது போர்த்துக்கேயர் வழியாக வந்து, தமிழனுக்கும் பான், சிங்களவனுக்கும் பான். மேசை, ஜன்னல் இரண்டும் அதே வழியில் வந்து இரண்டு வீட்டிலும் புகுந்தவை. கோவாவைச் சேர்ந்த தல்காதோ என்ற பாதிரியார் ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைத் திரட்டி 1913-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். அவ்வளவு சொற்கள்.

சாவியை மட்டும் சிங்களவர் எடுக்கவில்லை. அவர்களுக்கு அது 'யத்துர'. யாழ்ப்பாணத்தில் திறப்பு என்பார்கள், அழகான தமிழ். தோட்டத்தில் நாம் சாவி என்கிறோம். இலத்தீனில் 'கிளாவிஸ்', போர்த்துக்கேயத்தில் 'ஷாவி'. கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் காறை எலும்பை வைத்தியர்கள் 'கிளாவிக்கிள்' என்கிறார்கள். குட்டிச் சாவி என்று அர்த்தம்.

பெரட்டுக்களத்தில் வழங்கும் முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. துரைமார் புத்தகத்தில் அது 'ஃபோர்க்'. இலத்தீன் 'ஃபுர்க்கா'விலிருந்து வந்தது. கவை போட்ட தடி என்று பொருள். ரோமாபுரியில் தப்புச் செய்த அடிமையின் கழுத்தில் அந்தக் கவையை மாட்டி, கைகளை அதில் கட்டி ஊர்வலம் விடுவார்கள். 'ஃபுர்க்கா சுமப்பவன்' என்பது அந்த மொழியில் ஒரு வசவு. நாம் அந்தச் சொல்லை எடுக்காமல், பார்த்த மாத்திரத்தில் முள்ளு என்று சொந்தமாகப் பெயர் வைத்தோம். முள்ளுக் குத்துதல் என்றால் எந்தத் தோட்டத்திலும் விளங்கும். கட்டுகஸ்தோட்டை என்ற பேரிலும் முள்தான் இருக்கிறது. சிங்களத்தில் 'கட்டு' முள், 'கஸ்' மரங்கள், 'தொட்ட' ஆற்றுத்துறை. முள்மரத் துறை. தோட்டம் இருப்பதால் தோட்டை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தோட்டம் இல்லை, மகாவலியைக் கடந்த பழைய துறை.

அலவாங்கு எப்படி வேலை செய்கிறது என்பதையும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறோம், பரீட்சைக்கும் உதவும். ஆறடிக் கம்பியின் நுனியைப் பாறைக்கு அடியில் செருகி, நுனியிலிருந்து ஓரடி தள்ளி ஒரு முட்டுக்கல் வைக்கிறோம். கைபிடிக்கும் பக்கம் ஐந்தடி. அப்போது 40 கிலோ கனத்துக்கு அமுக்கினால் அந்த முனையில் 200 கிலோ கல் அசையும். ஐந்து பங்கு இலாபம். விஞ்ஞானப் புத்தகத்தில் இதை நெம்பு என்பார்கள். முட்டுக்கல் பொறுதி, கல் சுமை, நாம் கொடுக்கும் பலம் எத்தனம். ஆனால் சும்மா கிடைக்கிற இலாபம் அல்ல. கை ஐந்து அங்குலம் இறங்கினால்தான் கல் ஒரு அங்குலம் எழும்பும். முட்டுக்கல் ஈரமாக இருந்தால் வழுக்கிக் கம்பி எகிறும். பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.

இனி மம்மட்டி. இதைத்தான் நாம் அந்தத் தாய்க்குச் சொல்ல ஆசைப்பட்டோம். மண்ணை வெட்டுவது மண்வெட்டி. வேகமாகப் பேசும்போது அது மம்மட்டி ஆகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேலை வாங்கிய வெள்ளைக்காரர்கள் இந்த ஆயுதத்தைப் பார்த்தார்கள். அவர்கள் நாட்டு மண்வாரி காலால் மிதித்து இறக்குவது. இது மேலே ஓங்கிக் கொத்தி இழுப்பது. பொருத்தமான சொல் அவர்களிடம் இல்லை. ஆகையால் கூலிக்காரன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற அகராதியில் 'மமூட்டி', 'மமோட்டி', 'மொமட்டி' என்று மூன்று விதமாக எழுதி, இது தமிழ் மண்வெட்டி என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் அது மமோட்டிதான். தோட்டத்துச் சாமான் கணக்கிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கவனியுங்கள், அந்த அகராதியில் தலைச்சொல்லாக ஏறியது பண்டிதர் எழுதும் மண்வெட்டி அல்ல. மலையில் நிற்கிறவன் சொன்ன மம்மட்டி. அலவாங்கு வெளியிலிருந்து நம்மிடம் வந்தது. மம்மட்டி நம்மிடமிருந்து வெளியே போனது. இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது வேலைசெய்கிற சனங்கள்தான். ரோமாபுரியிலும் ஃபலங்கா 'பலங்கா' ஆனது படித்தவர் வாயில் அல்ல, சாதாரண சனங்கள் வாயில். இன்றைக்கு ஸ்பானியாவில் பெரிய பெரிய புத்தகத்தில் நிற்பது அந்தச் சனங்களின் உச்சரிப்பு.

சிவப்புக் கோடு போட்ட ஆசிரியரை நாம் குறைசொல்ல வரவில்லை. மண்வெட்டி நல்ல தமிழ். கடப்பாரையும் நல்ல தமிழ். பரீட்சையில் அவற்றை எழுதினால் ஒரு புள்ளியும் குறையாது, பிள்ளை கட்டாயம் அவற்றையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அலவாங்கைக் 'கொச்சை' என்று வெட்டியது பிழை. 'இது போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது, தமிழ்நாட்டில் கடப்பாரை என்பார்கள்' என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அதுவே ஒரு பாடமாகியிருக்கும்.

அடுத்த கிழமை வகுப்பில் இதையெல்லாம் சொன்னோம். தாய் அன்றும் கதவோரம் நின்று முழுக்கக் கேட்டார். "அப்ப மம்மட்டின்னு சொல்லலாங்களா?" என்றார். சொல்லலாம் என்றோம். பிள்ளை கொப்பியைத் திறந்து, அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு அலவாங்குப் படம் கீறினாள். அதன் கீழே ஒரு கை, அதில் 14 எலும்பு. எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது.

உங்கள் தோட்டத்தில் ஆயுதங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் வழங்கும் பேர்களை எமக்கு எழுதி அனுப்புங்கள். மம்மட்டியின் பிடிக்கு என்ன பேர், பிடி கழலாமல் அடிக்கும் ஆப்புக்கு என்ன பேர், கவ்வாத்துக் கத்தி எத்தனை வகை, சுரண்டியை உங்கள் பக்கம் எப்படிச் சொல்கிறார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் மறக்காமல் போடுங்கள்.